ஆறு ஞாயிறும் ஒரு விபத்துப் பட்டியலும்: பத்திரிகையாளர்களுக்கான டிஜிட்டல் பயிற்சி வகுப்பு பற்றிய மதிப்பீடு

திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று தொடர்ச்சியாக ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த டிஜிட்டல் செய்திப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். காலை 9.30 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை வகுப்பு நடக்கும். மதிய உணவையும் சேர்த்துக் கட்டணம் 3,500 ரூபாய். நான் காவிரிப் படுகையில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பதினாறு ஆண்டுகளாகச் செய்தி அனுப்பி வருகிறேன். இதற்கு முன்பு நான் போன பயிற்சிகள் எல்லாம் ஒரு நாள் கருத்தரங்குகள். சான்றிதழும் கைப்பையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்தப் பயிற்சி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதால் விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன்; அவை பல பயிற்சி நிறுவனங்களுக்கும் பொதுவானவை என்பதால் இந்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் பலர். எனக்கு அதைவிடச் சிறிய தேவை ஒன்று இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டுப் பெற்ற சாலை விபத்துப் பட்டியல் ஒன்று, 43 பக்க ஒளிநகலாக, மேசை இழுப்பறையில் எட்டு மாதமாகக் கிடந்தது. எங்கள் பகுதியைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்துகளின் விவரம் அது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 86 ரூபாயும் செலவழித்து வாங்கிய அந்தக் கட்டை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மொத்த எண்ணிக்கையைக் கூட்டி நான்கு பத்தி எழுதலாம். அதற்கு மேல் அதில் இருப்பதை எடுக்கும் வழி கைவரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் முதல் ஞாயிறு போனேன்.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளின் பெரும்பகுதி விரிதாளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டணம் முழுவதும் இந்த இரண்டு நாளுக்கே தகும் என்பது என் கணிப்பு. கூகுள் ஷீட்ஸில் வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, ஒரே வகையானவற்றைத் தொகுத்து எண்ணிக் காட்டும் பிவட் டேபிள் போடுவது ஆகிய மூன்றுமே பாடம். எளிய வேலைகள்தாம்; எந்தக் கடையின் கணக்கரும் செய்பவை. ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன் பயிற்சியாளர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “இந்தப் பட்டியலிடம் நீங்கள் கேட்க விரும்பும் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்” என்றார். நான் “எந்த இடத்தில் அதிகம்?” என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்கு விடை காண இரண்டு வாரம் ஆனது.

காரணம், பட்டியலில் இருந்த தமிழ். ஒரே சந்திப்பு ஒரு வரிசையில் ‘நான்கு ரோடு’ என்றும், அடுத்ததில் ‘4 ரோடு’ என்றும், இன்னொன்றில் ‘நாலு ரோடு பிரிவு சாலை’ என்றும் எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்தர் ஊர்ப் பெயரைச் சேர்த்திருந்தார். மற்றொருவர் அங்கிருக்கும் பெட்ரோல் பங்கின் பெயரைப் போட்டிருந்தார். மனிதர் படித்தால் எல்லாம் ஒன்றே; கணினிக்கு அவை ஐந்து வெவ்வேறு ஊர்கள். நேரமும் அப்படியே: ‘18.30’, ‘மாலை 6.30’, வெறும் ‘6.30’. கடைசியாகச் சொன்னது காலையா மாலையா என்று தெரியாமல் அந்த வரிசைகளைத் தனி நிறமிட்டு ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. தரவைச் சுத்தம் செய்தல் என்று வகுப்பில் சொன்ன வேலை இதுதான். பயிற்சியாளர் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். மூலத் தாளை யாரும் திருத்தக் கூடாது. பக்கத்தில் புதிய நெடுவரிசை திறந்து, அதில்தான் சீரான பெயரை எழுத வேண்டும். எதை எதனோடு சேர்த்தோம் என்பதை வேறொரு தாளில் குறித்து வைக்க வேண்டும். மறுப்பு அறிக்கை வந்தால் ஆசிரியர் குழுவின் முன்னால் எடுத்து வைக்க அந்தக் குறிப்பைத் தவிர வேறு சான்று இருக்காது என்று அவர் சொன்னது மனத்தில் நின்றது.

பெயர்களைச் சீராக்கி முடித்ததும், அந்த நாலு ரோட்டுச் சந்திப்பு மட்டும் தனியாக மேலே வந்து நின்றது: மூன்று ஆண்டுகளில் பதினொரு விபத்துகள், பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில். அங்கிருக்கும் உயர்கோபுர மின்விளக்கு அடிக்கடி எரிவதில்லை என்று எனக்குத் தெரியும். விளக்கில்லாததால் விபத்து என்று தலைப்பையே மனத்தில் எழுதிவிட்டேன். பயிற்சியாளர் அதை ஏற்கவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையைத் திரையில் திறந்து காட்டினார். நாடு முழுவதிலும் மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலான மூன்று மணி நேரத்தில்தான் விபத்துகள் மிக அதிகம். மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த நேரத்துக்குரியது. விளக்கு எரியும் ஊரிலும் இதே நிலைமைதான் என்னும்போது, நேரத்தை மட்டும் வைத்து விளக்கைக் குற்றம் சாட்ட முடியாது. அந்த அறிக்கையின்படி 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதுதான் அதிகம். உயிரிழந்தோர் 17,884 பேர்; அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்களைச் செய்தியாக்கியிருக்கிறோம். என் மாவட்டத்துப் பட்டியலை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து அவர் கிழமையைப் பார்க்கச் சொன்னார். தேதியைக் கொடுத்தால் கிழமையைத் தரும் சூத்திரம் விரிதாளில் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் புதன்கிழமை தூக்கலாக வந்தது. எனக்கு அது பொருந்தவில்லை. புதன்கிழமை அந்தச் சந்திப்பில் ஈ, காக்கை இருக்காது. மறுபடி பட்டியலைப் புரட்டியபோதுதான் பிழை தெரிந்தது. முதல் தகவல் அறிக்கையில் இரண்டு தேதிகள் உண்டு: சம்பவம் நடந்த நாள் ஒன்று, காவல் நிலையத்துக்குத் தகவல் கிடைத்துப் பதிவான நாள் மற்றொன்று. மாலையில் அடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். வாக்குமூலம் வாங்கி வழக்குப் பதிய மறுநாள் ஆகிவிடும். நான் பதிவு நாளின் நெடுவரிசையை எடுத்திருந்தேன். சம்பவ நாளுக்கு மாற்றியதும் புதன் மறைந்து செவ்வாய் வந்தது. பதினொன்றில் ஏழு செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் என்றவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அன்று அந்த ஊரில் வாரச்சந்தை. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில் மூட்டையோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு இது தெரிய வழியில்லை, கருவிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பட்டியலை அப்படித் திருப்பிக் கேட்காதவரை எனக்குத் தெரிந்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த செவ்வாய் மாலை அங்கே போய் ஐந்து மணி முதல் எட்டு மணி வரை நின்றேன். தேநீர்க் கடைக்காரர் என்னைப் பார்த்து, “என்ன சார், இன்னிக்கு யாரும் அடிபடலையே, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்று கேட்டார். விபத்து நடந்தபின் மட்டுமே நான் அங்கு வந்திருக்கிறேன் என்பதை அவர் கவனித்து வைத்திருந்திருக்கிறார்.

ஓர் இடத்தை விபத்துப் பகுதி என்று அரசு எப்போது ஏற்கிறது என்பதையும் அந்த வகுப்பில்தான் அறிந்தேன். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்து மரணங்கள் நேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் செய்தியில் போகிற போக்கில் எழுதும் ‘விபத்துப் பகுதி’க்கு இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோல் கையில் இருந்தால் அதிகாரியிடம் கேட்கும் கேள்வியே வேறாகிவிடுகிறது. “இங்கே நிறைய விபத்து நடக்கிறதே, நடவடிக்கை எடுப்பீர்களா?” என்பதற்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும். “இந்த இடம் உங்கள் வரையறைக்குள் வருகிறது, உங்கள் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

இதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். எனக்குத் தெரியாமல் இருந்தது பிரிவு 7(9). கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தருவதுதான் பொது விதி. அலுவலகத்தின் வேலை அளவுக்கு மீறிப் பாதிக்கப்படும் என்றாலோ ஆவணத்துக்குச் சேதம் வரும் என்றாலோதான் மறுக்கலாம். “எக்செல் கோப்பாகக் குறுந்தகட்டில் தரவும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் 43 பக்கத்தையும் நான் கையால் தட்டச்சு செய்திருக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த உத்தரவையும், பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு என்பதையும் நினைவூட்டினார்கள். ஒரு வழக்கின் எண் தெரிந்தால் நிலையத்துக்கு அலையாமலே பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்களில் பாதிப் பேருக்குப் புதிய செய்தி.

நான்காம் ஞாயிறு, வரும் படமும் காணொளியும் உண்மையா என்று பார்ப்பதற்கானது. இதையும் நன்றாகவே நடத்தினார்கள். எடுத்துக்கொண்ட நிகழ்வும் நமக்கு நெருக்கமானது: வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய காணொளிகள். வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் காட்சிகளைத் திருப்பூர், கோவை என்று பெயரிட்டுச் சுற்றுக்கு விட்டதும், தொழிலாளர்கள் பயந்து ஊர் திரும்பத் தொடங்கியதும், காவல்துறைத் தலைவரே காணொளியில் தோன்றி மறுத்ததும் நினைவிருக்கும். அந்த வாரத்தில் நம் கையில் என்னென்ன வசதிகள் இருந்தன என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். இன்விட் என்ற இலவச உலாவி நீட்சி ஒரு காணொளியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். அந்தப் படங்களைக் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தேட வேண்டும். ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தால், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்விவரங்கள் அழிந்துவிடும். அனுப்பியவரிடம் ‘டாக்குமெண்ட்’ஆக மறுபடி அனுப்பச் சொன்னால் அவை தங்கும். இந்த ஒரு குறிப்பை மறுநாளே எங்கள் பகுதிநேர நிருபர்கள் குழுவில் பகிர்ந்தேன்.

பயிற்சிக்குக் கொடுத்த வெள்ளக் காட்சி ஒன்றை எல்லோரும் கருவியில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மூத்த புகைப்படக்காரர் ஒருவர் திரையருகே போய், பின்னால் மங்கலாகத் தெரிந்த மின்கம்பத்தைச் சுட்டி, இந்த வகைக் கம்பத்தை நம் பக்கம் நடுவதில்லை என்றார். கருவி இருபது நிமிடம் கழித்து அதையே உறுதிசெய்தது. அவருடைய கண்ணைப் பயிற்சியாளர் பாராட்டியதோடு, அந்தக் கம்பத்தை எப்படிச் சான்றாக எழுதுவது என்று பிறகு அரை மணி நேரம் விளக்கினார். தனக்குத் தெரியும் என்பது வேறு, வாசகருக்குக் காட்டுவது வேறு என்ற வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதும், அதில் ஓர் ஏரியின் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதும் அன்றைய கடைசிப் பாடம். ஏரி ஆக்கிரமிப்புச் செய்தி எழுதுகிற எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இது.

இனி, பெரிய குறை. இந்தப் பயிற்சியை வடிவமைத்தவர்கள் தமிழை எண்ணிப் பார்க்கவில்லை. பாடக் குறிப்புகள் முழுவதும் ஆங்கிலம். வந்திருந்த 28 பேரில் பெரும்பாலோர் தமிழில் மட்டுமே செய்தி எழுதுகிறவர்கள். பயிற்சியாளர்கள் தமிழில் பேசியதால் வகுப்பு நடந்தது. வீட்டுக்குப் போய்க் குறிப்பைத் திறந்தவர்கள் தவித்தார்கள்.

மொழிபெயர்ப்பு கிடைத்தால்கூட இந்தச் சிக்கல் தீராது. பிடிஎப் கோப்பிலிருந்து அட்டவணையை உருவி எடுக்கும் டேபுலா என்ற மென்பொருளைக் காட்டினார்கள். ஆங்கில அறிக்கையில் அது அழகாக வேலை செய்தது. நம்மிடம் வருகிற கோப்புகளோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக விழும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் அதற்கு முந்தைய கோப்புகள் அனைத்தும், அதற்குப் பிந்தியவற்றில் கணிசமானவையும் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. பல நாளிதழ்களின் பக்க வடிவமைப்புப் பிரிவும் இன்றுவரை அப்படியே. இதைப் பற்றி ஒரு சொல்கூட வகுப்பில் இல்லை. நான் கேட்டபோது, “ஸ்கேன் செய்து ஓசிஆர் போடுங்கள்” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தரும் முறை அது.

அந்த வழியை நானே பிறகு முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். பக்கத்தைப் படமாக எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழைப் போதுமான அளவு சரியாகவே படித்துத் தருகிறது. எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைப் பிடிஎப்பின் பண்புகள் பகுதியில் பார்த்த பிறகு உரிய மாற்றியைப் பயன்படுத்தினால் சொற்கள் சரியாக வருகின்றன. இரண்டு வழியிலும் எண்களை மட்டும் மூலத்தோடு ஒன்று விடாமல் ஒப்பிட்டாக வேண்டும். ஒரு தமிழ் நிருபருக்கு இந்த ஒரு பாடத்துக்கே அரை நாள் வேண்டும். பிற மொழியில் நடக்கும் எந்தப் பயிற்சியும் இதைக் கற்றுத் தராது. இங்கே நடத்துகிறவர்கள் தவறவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

ஐந்தாம் ஞாயிறு, விளம்பரத்தில் பெரிதாகச் சொன்ன செயற்கை நுண்ணறிவு. ஆறு வாரத்தில் மிகவும் பலவீனமான நாள் இதுதான். எழுதித் தரும், சுருக்கித் தரும், தலைப்பு வைக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிகளைக் காட்டிக்கொண்டே போனார்கள்; எதையும் நம் பேச்சை வைத்துச் சோதிக்கவில்லை. மதியம் நானே ஒன்றைச் சோதித்தேன். மழையில் பயிர் சாய்ந்த விவசாயி ஒருவரின் பேட்டியைக் கைபேசியில் வைத்திருந்தேன். “அஞ்சு மா சாஞ்சு போச்சு சார்” என்று அவர் சொல்கிறார். எங்கள் பக்கம் மா என்பது நில அளவு; இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. குரலை எழுத்தாக்கிய செயலி அதைச் சரியாகவே எழுதியது. அடுத்து அதைச் சுருக்கித் தரச் சொன்னபோது, ஐந்து மாமரங்கள் சாய்ந்துவிட்டதாக எழுதித் தந்தது. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஏக்கர் நெல் காணாமல் போய்விட்டது. நிவாரணம் பரப்பளவைக் கொண்டு கணக்கிடப்படும் ஊரில், இந்தச் சுருக்கத்தை அப்படியே டெஸ்க்குக்கு அனுப்பியிருந்தால் அந்த விவசாயிக்கு நான் செய்திருக்கும் கேடு சிறியதல்ல. பேட்டியை எழுத்தாக்கும் உழைப்பைச் செயலி குறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர், எண், அளவு மூன்றையும் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தோடு சேர்த்துத்தான் அதைக் கற்பிக்க வேண்டும்.

பாதுகாப்பு வகுப்பு சுருக்கமாக, தேவையான அளவில் இருந்தது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை அங்கேயே உட்கார்ந்து எல்லோரையும் போட வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னபோது, என் பக்கத்தில் இருந்த பெண் நிருபர் ஒருவரின் முகம் மாறிவிட்டது. அவர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் பொதுக் கணினி அதில் இன்னும் இணைந்தே இருந்தது. அவரிடம் ரகசியமாகப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பொதுக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து படம் இறக்குவது எல்லா மாவட்ட அலுவலகங்களிலும் அன்றாடப் பழக்கம். இதைப் படிக்கும் நண்பர்கள் இன்றே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

செய்தியாளரைக் கட்டுப்படுத்தும் மற்ற சட்டங்களுக்கெனத் தனியாக ஒரே ஒரு மணி நேரம் கொடுத்தது போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதையும் தடுக்கிறது. செய்தியில் பள்ளியின் பெயரை மறைத்துவிட்டு, காணொளியில் பெயர்ப்பலகையைக் காட்டும் தவறு வாரந்தோறும் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீடும் தேவைப்படுகின்றன. அப்படியிருக்க, மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதன் அவசியத்தை ஓர் உதாரணத்தோடு விளக்கியிருக்கலாம். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-ஐத் திருத்தி, பொதுநலனைக் காட்டித் தனிநபர் விவரம் கேட்க அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்த வழியை எடுத்துவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தர இடமளிக்கும் பிரிவு 8(2) மட்டும் எஞ்சியிருக்கிறது. இது எங்கள் தொழிலின் வேரைத் தொடுகிற மாற்றம். இதை ஒரே ஒரு படவில்லையில் காட்டிவிட்டுக் கடந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆறாம் ஞாயிறு நடந்த கைபேசி ஒளிப்பதிவு வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏற்கெனவே தினமும் செய்கிறவர்களுக்குக் காலர் மைக் ஒலிப்பதிவு பற்றிய பகுதி மட்டும் உதவும்.

வசதிகளைப் பொறுத்தவரை, 28 பேருக்கு 20 கணினிகள்தான். பகுதிநேர நிருபர்கள் பலரிடம் மடிக்கணினி கிடையாது. செய்தி அடிப்பது, படம் அனுப்புவது எல்லாமே கைபேசியில்தான். பெரிய திரையை எண்ணி அமைத்த பாடங்களை அவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் கற்றார்கள். கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு என்றாலும், அலுவலகக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். செய்திக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்குகிற ஒருவருக்கு எந்த அலுவலகம் அப்படிக் கடிதம் தரும்? பத்து ஆண்டுகளாகப் பெயரில்லாமல் செய்தி அனுப்பிவருகிற அண்ணன் ஒருவர் முழுக் கட்டணம் கட்டித்தான் வந்தார். நான் பார்த்தவரை வகுப்பில் அதிகம் உழைத்தவர் அவர்தான். வெளிவந்த செய்தியின் நறுக்குகளையே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம்.

எனக்கும் அலுவலகம் விடுப்பு தரவில்லை. வார விடுமுறையை மாற்றிக்கொண்டு போனேன். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்தையே வேலை நேரமாக வரையறுத்தது. அந்த அளவில் வேலை செய்கிற ஒரு மாவட்ட நிருபரையும் நான் பார்த்ததில்லை. ஓய்வு நாளைத் தொழிலுக்கே திரும்பக் கொடுத்து, சொந்தப் பணத்தில் கற்று, அந்த அறிவை நாளிதழுக்கே எழுதிக் கொடுக்கிறோம். பயிற்சிக் கட்டணத்தில் பாதியையாவது நிர்வாகங்கள் ஏற்க வேண்டும் என்று நிருபர் சங்கங்கள் கேட்க வேண்டிய நேரம் இது.

பணம் செலவழிக்காமல் கற்க வழியில்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் மையம் 2012 முதல் இணையவழிப் பாடங்களை நடத்தி வருகிறது. பெரும்பாலானவை இலவசம், தரமும் உயர்வு. கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவ் 2018-இல் இந்தியாவில் 8,000 பத்திரிகையாளர்களை இலக்காக வைத்து, ஆங்கிலத்தோடு ஆறு இந்திய மொழிகளில் சரிபார்ப்புப் பயிற்சியைத் தொடங்கியது. அதில் பயின்றவர்களை இன்றும் பல அலுவலகங்களில் சந்திக்கலாம். ஆங்கிலக் காணொளியைப் பார்த்துத் தனியாகக் கற்கும் பொறுமை உள்ளவர்களுக்கு நைட் மையமே போதும். நான் புதன்கிழமைத் தேதியை வைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்து, “எந்தத் தேதி இது?” என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. நான் கொடுத்த 3,500 ரூபாய் அந்தக் கேள்விக்குத்தான்.

கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்களுக்கு ஆயத்தமாக ஓர் ஆங்கிலத் தரவுத் தொகுப்பைக் கொடுத்தார்கள். அவர்களும் பிவட் டேபிள் போடக் கற்றார்கள். ஆறாம் வாரம் கேட்டபோது பலருக்கு மறந்துவிட்டது. சொந்த ஊரின் பட்டியலோடு வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் இன்றும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். சேர நினைப்பவர்கள் இதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்னதாகவே ஒரு தகவல் உரிமை மனு போட்டு, ‘எக்செல் கோப்பாக’ என்ற வரியைச் சேர்த்துக் கேளுங்கள். வந்த பதிலோடு போங்கள். முடிந்தால் மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். நெட் பேக்கும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆய்வக வைஃபை மதியத்துக்குமேல் வேலை செய்யாது. ஐந்தாம் ஞாயிறு வேறு வேலை இருந்தால் தயங்காமல் அதைப் பார்க்கலாம். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று ஞாயிறுகளை எக்காரணத்துக்காகவும் விட வேண்டாம்.

சந்திப்பைப் பற்றிய செய்தி வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. செவ்வாய் மாலைகளில் இப்போது இரண்டு போக்குவரத்துக் காவலர்கள் அங்கே நிற்கிறார்கள். அந்த இடம் அதிகாரப்பூர்வ விபத்துப் பகுதிப் பட்டியலில் உள்ளதா என்று கேட்டுப் போட்ட மனுவுக்கு முப்பதாம் நாள் வருகிற வெள்ளிக்கிழமை.